வீட்டு அலமாரிக்கான புகைப்படப் புத்தகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகைப்படம் எடுப்பவர்கள் வீட்டுக்கு வந்தால் பேச்சு கேமராவில் தொடங்கி, பெரும்பாலும் என் புத்தக அலமாரியின் முன்னால் போய் நிற்கும். அங்கே நின்றபடி அவர்கள் கேட்கும் கேள்விகள் ஆண்டுக்கணக்காக மாறவே இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியதன் விளைவு இது. கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். தேடுவதற்கு வசதியாக, நூல்களின் பெயர்களைப் பெரும்பாலும் அவற்றின் ஆங்கில ஒலிப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

கேமரா வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. ஒரே ஒரு புத்தகம் வாங்கலாம் என்றால் எதை வாங்குவது?

பிரையன் பீட்டர்சனின் 'அண்டர்ஸ்டாண்டிங் எக்ஸ்போஷர்'. 1990-இல் முதலில் வெளிவந்த இந்த நூல் பிறகு டிஜிட்டல் கேமராக்களுக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. ஆகவே கிடைப்பவற்றுள் புதிய பதிப்பையே வாங்குங்கள். லென்ஸின் துளை, ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுத்துப் பிடிக்கின்றன என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொல்லும் நூல்கள் குறைவு.

அதன் மையக் கருத்தை ஓர் உதாரணத்தால் சொல்லிவிடலாம். ஓர் அருவியை எஃப் 2.8 என்ற அகன்ற துளையில் 1/500 நொடிக்கு எடுத்தாலும், எஃப் 22 என்ற குறுகிய துளையில் 1/8 நொடிக்கு எடுத்தாலும் உள்ளே வரும் ஒளியின் அளவு ஒன்றுதான். முதல் படத்தில் நீர்த்துளிகள் உறைந்து நிற்கும். இரண்டாவதில் நீர் வெண்பட்டுத் துணியாக வழியும். ஒளியளவைப் பொறுத்தவரை இரண்டும் சரி, ஆனால் நீங்கள் மனத்தில் நினைத்த படம் ஏதோ ஒன்றுதான். இந்த ஒரு விஷயம் கைவசப்படும் வரை இரண்டாவது புத்தகம் வாங்காமலிருப்பது நல்லது.

யூடியூபில் எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறதே, புத்தகத்துக்கு எதற்குச் செலவு?

செயல்முறைகளைக் கற்பதற்குக் காணொளிதான் சிறந்தது. ஃபிளாஷை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை மூன்று பத்திகள் படிப்பதைவிட மூன்று நொடி பார்ப்பது மேல். அந்த வகைப் புத்தகங்களை நானே வாங்குவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

ஆனால் ஒரு படத்தின் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கும் பழக்கத்தைக் காணொளி தராது. அங்கே படம் எவ்வளவு நேரம் திரையில் நிற்க வேண்டும் என்பதை வேறொருவர் தீர்மானிக்கிறார். புத்தகத்தில் அந்த உரிமை உங்களிடம் இருக்கிறது. வீட்டுச் சேகரிப்பு முக்கியமாக இதற்குத்தான் வேண்டும் என்பது என் எண்ணம்.

கேமரா நுட்பப் புத்தகங்கள் நாலு வருடத்தில் பழசாகிவிடாதா?

குறிப்பிட்ட கேமரா மாடலுக்கான வழிகாட்டிகளும், படத்திருத்த மென்பொருள் நூல்களும் பழசாகிவிடும். அவற்றை வாங்க வேண்டாம். ஒளியைப் பற்றிய நூல்கள் பழசாவதில்லை. ஃபில் ஹன்ட்டர், பால் ஃபுக்வா இருவரும் எழுதி, பிந்தைய பதிப்புகளில் ஸ்டீவன் பைவரும் சேர்ந்துகொண்ட 'லைட்: சயின்ஸ் அண்ட் மேஜிக்' 1990-இல் முதலில் வந்தது. அதன் அடிப்படை அதிகாரங்கள் இன்றைக்கும் அப்படியே செல்லும், ஏனென்றால் அவை பேசுவது கருவியைப் பற்றி அல்ல, ஒளி ஒரு பரப்பில் பட்டுத் திரும்பும் விதத்தைப் பற்றி.

மூக்குக்கண்ணாடி அணிந்தவரைப் படமெடுக்கும்போது கண்ணாடியில் விளக்கின் வெள்ளைத் திட்டு விழுந்து கண்ணையே மறைக்கும் சங்கடம் எல்லோருக்கும் நேர்ந்திருக்கும். பளபளப்பான எந்தப் பரப்புக்கும், அதிலிருந்து ஒளி நேராகக் கேமராவுக்குத் திரும்பிவரும் கோணங்கள் ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் அடங்கும். அந்த எல்லைக்கு உள்ளே விளக்கு இருந்தால் திட்டு விழும், வெளியே இருந்தால் விழாது. இதைப் புரிந்துகொண்டவர் விளக்கை இப்படி அப்படி நகர்த்தித் திண்டாட மாட்டார். எங்கே வைக்கக் கூடாது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். இந்தக் 'கோணக் குடும்பம்' பற்றிய விளக்கத்துக்காகவே அந்த நூலை நான் வைத்திருக்கிறேன்.

ஆன்சல் ஆடம்ஸின் மூன்று நூல்களையும் எல்லோரும் சொல்கிறார்கள். அவை ஃபிலிம் காலத்தவை அல்லவா? எனக்கு எதற்கு?

அமெரிக்க நிலக்காட்சிப் புகைப்படக்காரரான ஆடம்ஸின் 'தி கேமரா' (1980), 'தி நெகட்டிவ்' (1981), 'தி பிரின்ட்' (1983) என்பவையே அந்த மூன்றும். மூன்றும் வேண்டியதில்லை. டிஜிட்டலில் மட்டும் எடுப்பவர் 'தி நெகட்டிவ்' ஒன்றை வாங்கி, அதிலும் ஃபிலிமைக் கழுவும் வேதியியல் பக்கங்களைத் தாண்டிவிடலாம். மண்டல முறை பற்றிய பகுதியே சாரம். முழுக் கறுப்பிலிருந்து முழு வெள்ளை வரை 0 முதல் 10 வரையான பதினோரு மண்டலங்களாகப் பிரித்து, நடுச்சாம்பலை ஐந்தாவதாக வைக்கிறார். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அதை ஐந்தாம் மண்டலமாகவே கருதும். பனிப்பரப்பு சாம்பலாக விழுவதும், கறுப்புக் கோட்டு வெளுத்துப்போவதும் அதனால்தான். ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. ஃபிலிம் நெகட்டிவில் நிழல்களைக் காப்பாற்றும் வகையில் ஒளியளவை வைப்பார்கள். டிஜிட்டலில் வெளிச்சப் பகுதிகளைக் காப்பாற்ற வேண்டும், ஏனென்றால் ஒருமுறை முழு வெள்ளையாகிப் போனது திரும்பி வராது.

அவருடைய எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றுமே அல்ல. 40 படங்கள் உருவான கதைகளைச் சொல்லும் 'எக்சாம்பிள்ஸ்' (1983). ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழும் அந்தப் புகழ்பெற்ற படத்தை 1941-இல் எடுத்தபோது அவருக்கு ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. கல்லறைச் சிலுவைகளின் மேலிருந்த வெயில் மறைந்துகொண்டிருந்தது. நிலாவின் ஒளிர்வு எவ்வளவு என்பது நினைவில் இருந்ததால் அதிலிருந்து மனக்கணக்காக ஒளியளவைப் போட்டு எடுத்தார். ஃபிலிம் தட்டைத் திருப்பி இரண்டாவது படம் எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது. மண்டல முறை ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கங்களைப் படிக்கலாம்.

'தி போட்டோகிராஃபர்ஸ் ஐ' என்று தேடினால் இரண்டு புத்தகங்கள் வருகின்றன. எது சரியானது?

இரண்டும் சரி, இரண்டும் வேறு. ஜான் ஷார்கோவ்ஸ்கியின் நூல் 1966-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வெளியிட்டது. அவர் அங்கே புகைப்படப் பிரிவின் தலைவராக இருந்தவர். பொருள், நுணுக்கம், சட்டகம், காலம், பார்வைக் கோணம் என்று ஐந்தே தலைப்புகள், சிறு முன்னுரை, மற்றதெல்லாம் படங்கள். புகைப்படம் மற்றக் கலைகளிலிருந்து எதனால் வேறுபடுகிறது என்பதே அதன் கேள்வி. மைக்கேல் ஃபிரீமனின் நூல் 2007-இல் வந்தது; சட்டகத்துக்குள் பொருள்களை எப்படி அமைப்பது என்பதைக் கோடுகள், சமநிலை, வண்ணம் என்று வரைபடங்களோடு சொல்லித்தரும் பாடநூல் அது.

பயிற்சிக்கு ஃபிரீமன், பார்வைக்கு ஷார்கோவ்ஸ்கி. இணையத்தில் வாங்கும்போது ஆசிரியர் பெயரைப் பார்த்து வாங்குங்கள். தவறிப்போய் மற்றதை வாங்கிய இரண்டு பேரை எனக்குத் தெரியும், ஒருவர் நான்.

'போட்டோபுக்' என்கிறார்களே, அதற்கும் சாதாரணப் படத்தொகுப்புக்கும் என்ன வித்தியாசம்?

ஒருவருடைய சிறந்த 100 படங்களைச் சேர்த்து அச்சிட்டால் அது தொகுப்பு. எந்தப் படத்தை எடுத்துவிட்டாலும் பெரிய நட்டமில்லை. போட்டோபுக் என்பதில் படங்களின் தேர்வு, வரிசை, பக்க அமைப்பு, தாள், அளவு எல்லாம் சேர்ந்தே படைப்பு. நல்ல பாடல்கள் பத்தைச் சேர்த்த தட்டுக்கும், ஒரே மூச்சில் அமைத்த கச்சேரிக்கும் உள்ள வேறுபாடு போன்றது.

இந்த வடிவம் புகைப்படக் கலையோடு கூடவே பிறந்தது. அன்னா அட்கின்ஸ் 1843 முதல் கடற்பாசிகளை நேராக ஒளியுணர் தாளின்மேல் வைத்து எடுத்த நீலப் பதிவுகளைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். ஃபாக்ஸ் டால்பட்டின் 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' 1844 முதல் 1846 வரை வந்தது. அதில் 24 படங்கள், ஒவ்வொன்றும் கையால் ஒட்டப்பட்டவை. ஆனால் இன்று நாம் பொருள் கொள்ளும் விதத்தில், வரிசையே பேசும் புத்தகத்துக்கு முன்மாதிரி வாக்கர் எவான்ஸின் 'அமெரிக்கன் போட்டோகிராஃப்ஸ்' (1938). அதன் 87 படங்களுக்கு அருகில் தலைப்பே கிடையாது. அவை ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தனியே தரப்பட்டுள்ளன. படத்தைப் பார்க்கும்போது படத்தை மட்டும் பார் என்பதே அதன் பொருள்.

ராபர்ட் ஃபிராங்கின் 'தி அமெரிக்கன்ஸ்' வாங்கினேன். மங்கலாக, சாய்வாக, பாதி இருட்டாக இருக்கிறது. இதில் அப்படி என்ன இருக்கிறது?

நீங்கள் தனியாள் அல்ல. புத்தகம் வந்த காலத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளும் இதையேதான் இன்னும் கடுமையான சொற்களில் எழுதின. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஃபிராங்க், 1955-இல் கிடைத்த, கலைஞர்களுக்கான குகன்ஹைம் நல்கையைக் கொண்டு கார் ஓட்டியபடி அமெரிக்காவைச் சுற்றினார். சுமார் 27,000 சட்டகங்கள் எடுத்து, அவற்றிலிருந்து 83-ஐ வைத்துக்கொண்டார். 1958-இல் பாரிஸிலும், எழுத்தாளர் ஜாக் கெருவாக்கின் முன்னுரையோடு 1959-இல் நியூயார்க்கிலும் நூல் வெளிவந்தது. அழகான படம் எடுக்கத் தெரியாதவர் அல்லர் அவர். ஃபேஷன் இதழ்களுக்கு எடுத்துக்கொண்டிருந்தவர்.

ஒரு மூன்று பக்கங்களை மட்டும் மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். கலிபோர்னியாவின் லாங் பீச்சில் இரண்டு பனை மரங்களுக்கு நடுவே ஒரு கார், பளபளக்கும் துணியால் மூடப்பட்டு நிற்கிறது. அடுத்த படம் அரிசோனாவில் 66-ஆம் நெடுஞ்சாலை ஓரம்: போர்வையால் மூடப்பட்ட ஓர் உருவம் தரையில் கிடக்கிறது, சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள், பனித்தூறல் விழுகிறது. அதற்கடுத்தது நியூ மெக்ஸிகோவின் 285-ஆம் நெடுஞ்சாலை. அந்தி வெளிச்சத்தில் தொடுவானம் வரை நீளும் சாலை. மூடிய கார், மூடிய உடல், நீளும் சாலை. ஒரு வரிகூட எழுதாமல், காரைத் தெய்வமாகப் போற்றும் ஒரு நாட்டைப் பற்றி அவர் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டார். தனிப்படமாக எடுத்தால் அந்தக் கார்ப் படத்துக்கு இந்தக் கனம் கிடையாது.

முதல் படத்தைத் திரும்பப் பாருங்கள்: ஹொபோக்கனில் ஊர்வலம் பார்க்க இரண்டு ஜன்னல்களில் இரண்டு பெண்கள் நிற்கிறார்கள், அவர்களில் ஒருவருடைய முகத்தைக் கொடி மறைக்கிறது. அந்தக் கொடி புத்தகத்தில் மீண்டும் மீண்டும் வரும். எங்கெங்கே வருகிறது என்று எண்ணிக்கொண்டே போனாலே புத்தகத்தின் எலும்புக்கூடு புலப்பட்டுவிடும். மங்கலும் சாய்வும் அதற்குப் பிறகு உறுத்தாது, அல்லது சரியான விதத்தில் உறுத்தும்.

அப்படியானால் படப்புத்தகத்தை எப்படித்தான் படிக்க வேண்டும்? நான் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

முதல் முறை பத்து நிமிடத்தில் முடிப்பதில் தவறில்லை; நிறுத்தாமல், முதலிலிருந்து கடைசிவரை, முன்னுரையைப் படிக்காமல் புரட்டிவிடுங்கள். இரண்டாம் முறை, மேலே ஃபிராங்க் நூலுக்குச் சொன்னதுபோல், ஒரு படத்திலிருந்து அடுத்ததற்கு எது கடந்து போகிறது என்று மட்டும் பாருங்கள்: ஒரு வடிவமா, ஒரு கை அசைவா, வெளிச்சத்தின் திசையா, அல்லது வேண்டுமென்றே ஒரு முறிவா. வெற்றுப் பக்கங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள், அவை தாள் மிஞ்சியதால் விடப்பட்டவை அல்ல. முன்னுரையை மூன்றாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம். பெரிய எழுத்தாளர் எழுதிய முன்னுரைகளில் பல, படங்களைப் பற்றியதாக இல்லாமல் எழுதியவரைப் பற்றியதாகவே இருக்கின்றன.

ஒரு படத்தை நிதானமாகப் படிக்கப் பழகவேண்டுமென்றால் ஷார்கோவ்ஸ்கியின் இன்னொரு நூலான 'லுக்கிங் அட் போட்டோகிராஃப்ஸ்' (1973) நல்ல துணை. அருங்காட்சியகச் சேகரிப்பிலிருந்து 100 படங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிர்ப்பக்கத்தில் ஒரே ஒரு பக்கக் கட்டுரை. நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் மூன்று மாதத்துக்குச் சற்று மேல் வரும்.

கட்டாயம் இருக்க வேண்டிய பத்துப் புத்தகங்களைச் சொல்லுங்களேன்.

பத்து என்ற எண்ணுக்காகச் சேர்க்க மாட்டேன். இதுவரை சொன்ன எவான்ஸும் ஃபிராங்கும் இருக்கட்டும். அவர்களுக்கு நேர்மாறான மனநிலைக்கு மசாஹிசா ஃபுகாசேயின் 'ரேவன்ஸ்' (1986): மணமுறிவுக்குப் பிறகு சொந்தத் தீவான ஹொக்கைடோவுக்குப் போகும் வழியில் காகங்களை எடுக்கத் தொடங்கியவர், ஆண்டுக்கணக்காகக் காகங்களையே எடுத்தார்; பக்கம் போகப் போக, பறப்பது காகமா அவர் மனமா என்பது மங்கிவிடும். மனிதர்களிடம் நெருங்கி நிற்பது எப்படி என்று பார்க்க ஜோசப் கூடெல்காவின் 'ஜிப்சீஸ்' (1975). புத்தகம் என்ற வடிவமே எவ்வளவு தூரம் வளையும் என்று பார்க்க தயானிதா சிங்கின் 'மியூசியம் பவன்' (2017). விசிறிபோல் மடிந்த ஒன்பது சிறு நூல்கள் ஒரு பெட்டிக்குள் இருக்கும், விரித்து மேசைமேல் நிறுத்தினால் அதுவே ஒரு கண்காட்சி.

மற்றதை உங்கள் ருசி தீர்மானிக்கட்டும். நான் சொல்லும் பட்டியலைவிட, நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ புரட்டியபோது கீழே வைக்க மனம் வராத ஒன்று உங்களுக்கு அதிகம் உதவும்.

நான் வண்ணப் படம்தான் எடுக்கிறேன். நீங்கள் சொல்வது பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகவே இருக்கிறதே?

நியாயமான குறை. வில்லியம் எகில்ஸ்டனின் 'கைட்' (1976) 48 வண்ணப் படங்களே கொண்ட சிறு நூல். அட்டையில் ஒரு குழந்தையின் மூன்று சக்கர வண்டி, தரையோடு தரையாக வைத்து எடுக்கப்பட்டதால் பின்னாலிருக்கும் வீட்டைவிடப் பெரியதாக நிற்கும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இவை காட்டப்பட்டபோது, வண்ணம் விளம்பரத்துக்கும் குடும்ப ஆல்பத்துக்கும் உரியது என்று நினைத்த விமர்சகர்கள் கேலி செய்தார்கள். ஸ்டீபன் ஷோரின் 'அன்காமன் பிளேசஸ்' (1982) அதே காலத்தின் வேறொரு குரல்: பெரிய கேமரா, நிதானம், ஒவ்வொரு மூலையும் துல்லியம்.

சால் லைட்டர் 1940-களின் பிற்பகுதியிலிருந்தே நியூயார்க் தெருக்களை வண்ணத்தில் எடுத்தவர். ஆனால் 'எர்லி கலர்' வெளிவந்தபோது (2006) அவருக்கு 80 வயது தாண்டியிருந்தது. நீராவி படிந்த கண்ணாடி, சிவப்புக் குடை, சட்டகத்தில் முக்கால் பங்கை மறைக்கும் ஒரு கறுப்புப் பட்டை. ரகுபீர் சிங்கின் 'ரிவர் ஆஃப் கலர்' (1998) நூலை அதன் முன்னுரைக் கட்டுரைக்காகவும் படிக்க வேண்டும். இந்தியப் பார்வைக்கு வண்ணம் ஒட்டவைத்த அலங்காரம் அல்ல, இயல்பான மொழி என்று அவர் வாதிடுகிறார். ஒத்துக்கொள்ளாவிட்டாலும், வாதம் உங்களை யோசிக்க வைக்கும்.

சூசன் சொன்டாக், ரோலான் பார்த் என்று படமே இல்லாத, அல்லது படம் குறைந்த புத்தகங்களையும் வாங்க வேண்டுமா?

படம் எடுப்பதற்கு அவை தேவையில்லை. படத்தை நம்பலாமா என்ற சந்தேகம் உங்களுக்கு எழுந்திருந்தால் தேவை. அமெரிக்க எழுத்தாளர் சொன்டாக்கின் 'ஆன் போட்டோகிராஃபி' (1977) கோபக்காரப் புத்தகம். எடுப்பவரை, எடுக்கும் ஆசையையே கூண்டில் ஏற்றுகிறது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் பார்த்தின் 'கேமரா லூசிடா' (1980) துக்கத்தில் எழுதப்பட்டது. படத்தில் பொதுவாக நம் கவனத்தைக் கவர்வதையும், எதிர்பாராமல் முள்ளாகத் தைக்கும் ஒரு சிறு விவரத்தையும் அவர் வேறுபடுத்துகிறார். இறந்துபோன தாயைச் சிறுமியாகக் காட்டும் ஒரு படத்தைச் சுற்றியே நூலின் பிற்பகுதி நகர்கிறது. அந்தப் படத்தை மட்டும் அவர் அச்சிடவில்லை, மற்றவர்களுக்கு அது இன்னொரு பழைய படம் மட்டுமே என்பதால்.

இரண்டில் ஒன்று என்றால் நான் பார்த்தைச் சொல்வேன்.

புகைப்பட வரலாறு முழுவதும் ஒரே புத்தகத்தில் கிடைக்குமா?

நவோமி ரோசன்பிளமின் 'எ வேர்ல்ட் ஹிஸ்டரி ஆஃப் போட்டோகிராஃபி' (1984, பிறகு திருத்தப்பட்ட பதிப்புகள்) போதும். போட்டோபுக்குகளின் வரலாற்றுக்கு மார்ட்டின் பார், ஜெர்ரி பேட்ஜர் இருவரும் எழுதிய 'தி போட்டோபுக்: எ ஹிஸ்டரி' மூன்று தொகுதிகளாக 2004, 2006, 2014 ஆகிய ஆண்டுகளில் வந்தது. ஓர் எச்சரிக்கை: அதைப் படித்துவிட்டால் வாங்க வேண்டியவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போகும்.

முதல் பதிப்புதான் உயர்ந்தது என்கிறார்களே, மறுபதிப்பு வாங்கினால் குறையா?

முதலீடாகச் சேர்ப்பவருக்கு முதல் பதிப்பு. பார்ப்பதற்காகச் சேர்ப்பவருக்குப் பெரும்பாலும் மறுபதிப்பே மேல். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெஸோனின் 1952-ஆம் ஆண்டு நூல் நல்ல உதாரணம். அட்டை ஓவியம், ஓவியர் மத்தீஸ் செய்தது. பிரெஞ்சுத் தலைப்பை ஏறத்தாழ 'சந்தடி சாக்கில் எடுத்த படங்கள்' என்று சொல்லலாம். ஆங்கிலப் பதிப்பில் அது 'தீர்மானமான கணம்' என்ற கம்பீரமான தலைப்பாகி, அந்தத் தலைப்பே ஒரு கோட்பாடாகிவிட்டது. பல பத்தாண்டுகள் அச்சில் இல்லாமல் இருந்த நூலை 2014-இல் ஸ்டைடல் பதிப்பகம் அதே வடிவில் மீண்டும் கொண்டுவந்த பிறகுதான் என்னைப் போன்றவர்கள் கையில் தொட முடிந்தது.

மறுபதிப்புகளிலும் தரம் பார்த்து வாங்க வேண்டும். ஃபிராங்கின் நூல் பல பதிப்பகங்கள் வழியாகப் பல விதமாக வந்திருக்கிறது. அவரே முன்னின்று, படங்களின் ஓர வெட்டுகளை மறுபரிசீலனை செய்து கொண்டுவந்த 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு நம்பகமானது. பதிப்பு வேறு, அச்சு வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். உரிமைப் பக்கத்தில் 10-இலிருந்து 1 வரை எண்களின் வரிசை இருந்தால், அவற்றில் எஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் அது எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும்.

அச்சுத் தரம் நன்றாக இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்?

படத்தின் மிக இருண்ட மூலையைப் பாருங்கள். கறுப்புத் துணியின் மடிப்பு கறுப்புக்குள்ளும் தெரிகிறதா, அல்லது எல்லாம் ஒரே மையாக அப்பியிருக்கிறதா? நல்ல கறுப்பு வெள்ளை நூல்கள் ஒரே கறுப்பு மையில் அச்சாவதில்லை; கறுப்போடு ஒன்றோ இரண்டோ சாம்பல் மைகளைச் சேர்த்து அச்சிடுவார்கள், அதனால்தான் நிழல்களுக்கு ஆழம் கிடைக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளிகளின் நெருக்கமும் தெரியும்.

அடுத்து நடுமடிப்பு. இரண்டு பக்கங்களில் விரியும் படத்தில் முக்கியமான முகம் மடிப்புக்குள் விழுந்திருந்தால், வடிவமைத்தவர் படத்தைப் பார்க்கவில்லை என்று பொருள். கடைசியாகப் புத்தகத்தின் முதுகை மேலிருந்து பாருங்கள்: தாள்கள் சிறு சிறு மடிப்புக் கட்டுகளாகத் தைக்கப்பட்டிருந்தால் நீடிக்கும், தனித்தாள்களை வெறும் பசையால் ஒட்டியிருந்தால், கனமான தாள் என்றால் குறிப்பாக, நாலைந்து ஆண்டுகளில் உதிரத் தொடங்கலாம்.

பழைய புத்தகத்தை இணையத்தில் படம் பார்த்து வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் வாசனை படத்தில் வராது. ஒருமுறை 'மிக நல்ல நிலை' என்ற விவரணையை நம்பி வாங்கிய ஒன்று, பிரித்தவுடன் ஈரச்சாக்கு போல மணந்தது. உள்ளே பளபளப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பளபளப்புத் தாள் ஒருமுறை நனைந்து ஒட்டிவிட்டால் படத்தோடுதான் பிரியும், பரிகாரம் கிடையாது. ஆகவே ஈரம் பட்டதா, மணம் இருக்கிறதா, மேலுறை இருக்கிறதா, பக்கங்கள் எல்லாம் உள்ளனவா என்று நேரடியாக எழுதிக் கேளுங்கள். சிலர் நல்ல படங்களைச் சட்டம் போடுவதற்காக வெட்டி எடுத்துவிடுகிறார்கள், அதனால் கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம்.

பெரிய புத்தகங்களை நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா? பூஞ்சையும் ராமபாணமும் வராமல் எப்படிக் காப்பது?

சாதாரண அளவு நூல்கள் நேராக, சாயாமல் நிற்கட்டும். மிகப் பெரியவையும் கனமானவையும் படுத்திருக்கட்டும். நிற்க வைத்தால் உள்தாள்களின் பாரம் முதுகைக் கீழே இழுத்து, அட்டையிலிருந்து கழற்றிவிடும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் அடுக்காதீர்கள், அடியில் இருப்பதை யாரும் எடுத்துப் பார்ப்பதே இல்லை. வெயில் நேராக விழும் இடமும், வெளிச்சுவரை ஒட்டிய இடமும் வேண்டாம். ஒப்பு ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சை வளரும். 50-க்கு அருகில் வைத்திருந்தால் நிம்மதி. ராமபாணப் பூச்சிக்கும் ஈரம்தான் பிடித்தமானது. ஆக, மருந்து உருண்டைகளைவிடக் காற்றோட்டமும், மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுவதும் பயன் தரும்.

புதிய கனமான நூலை முதல்முறை திறக்கும்போது நடுவில் விரித்து அழுத்தாதீர்கள். முதுகு மேசையில் இருக்க, முன்னட்டையைச் சாயுங்கள், பின்னட்டையைச் சாயுங்கள். பிறகு முன்னாலிருந்து சில தாள், பின்னாலிருந்து சில தாள் என்று மெல்ல நீவிவிட்டு நடுவுக்கு வாருங்கள். வெள்ளைக் கையுறை தேவையில்லை. துணிக்கையுறையில் தாளின் விளிம்பு உணராமல் கிழிப்பதுதான் நடக்கும். கழுவித் துடைத்து உலர்ந்த கையே போதும்.

இவ்வளவு பாடு எதற்கு, மின்னூலாக வாங்கினால் போதாதா?

எழுத்து நூல்களுக்குப் போதும். சொன்டாக்கை நான் திரையில்தான் படித்தேன். வரிசையையும் எதிரெதிர்ப் பக்கங்களையும் நம்பியிருக்கும் போட்டோபுக்குகளுக்குப் போதாது. 'மியூசியம் பவன்' போன்றதை மின்னூலாக்கினால் மிஞ்சுவது வெறும் படங்கள்தான்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். எதை மேல்தட்டில் வைக்க வேண்டும்?

போர்ப் படங்களும், விளிம்புநிலை வாழ்க்கையை ஒளிவுமறைவின்றிக் காட்டும் டயேன் ஆர்பஸ், நேன் கோல்டின் போன்றோரின் நூல்களும் கொஞ்ச காலம் மேலே இருக்கட்டும். குழந்தைகளோடு சேர்ந்து பார்க்க 'தி ஃபேமிலி ஆஃப் மேன்' (1955) போல் ஒன்று இல்லை: எட்வர்ட் ஸ்டைகன் 68 நாடுகளிலிருந்து 273 பேர் எடுத்த 503 படங்களைச் சேர்த்து அமைத்த கண்காட்சியின் நூல் அது. பிறப்பு, விளையாட்டு, சாப்பாடு, சண்டை, மரணம் எல்லாம் இருக்கின்றன. உலகம் ஒரே குடும்பம் என்ற அதன் முடிவு மிக எளிதாக வந்துவிட்டது என்று பெரியவர்கள் குறை சொல்வதுண்டு, எனக்கும் அந்தக் குறை உண்டு. ஏழு வயதில் அது ஒரு குறையாகத் தெரியாது.

புத்தகங்களைப் பார்த்துப் பார்த்து நானும் அவர்களைப் போலவே எடுக்கத் தொடங்கிவிட்டேன். பார்ப்பதை நிறுத்திவிட வேண்டுமா?

நிறுத்த வேண்டாம், ஆனால் ஒருவரையே பார்ப்பதை நிறுத்துங்கள். ஒரே கலைஞரின் ஐந்து நூல்கள் அலமாரியில் இருந்தால் சாயல் படியத்தான் செய்யும். ஃபுகாசேயின் பக்கத்தில் ஷோரை வைத்தால் இருவரும் ஒருவரையொருவர் திருத்திக்கொள்வார்கள். சாயலே கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஃபிராங்க் நல்கைக்கு விண்ணப்பித்தபோது அவருக்குத் துணைநின்றவர் எவான்ஸ். 'அமெரிக்கன் போட்டோகிராஃப்ஸ்' ஃபிராங்குக்கு நன்கு பழகிய நூல். அவ்விரண்டு நூல்களையும் மேசையில் அருகருகே திறந்து வைத்து, பெட்ரோல் நிலையங்கள், கார்கள், தெருவோரத்து மனிதர்கள் வரும் பக்கங்களை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். எவான்ஸ் நேரெதிரே அசையாமல் நின்று எடுத்த அதே பொருளை, ஃபிராங்க் நடந்துகொண்டே பக்கவாட்டில் எடுத்திருப்பார்.